பறந்த துண்டுக்குப் பிளேடு காரணமல்ல

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 31. அப்பாரு காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது தேக்குச் சட்டமும் பனங்கையும் (கூரைக்குப் போட்ட பனைமரச் சட்டம்) நிறையக் கிடைத்தன. விறகுக்குப் போட மனசு வரவில்லை. கோயமுத்தூரில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், பழைய 10 இஞ்ச் டேபிள் சா (மேசை ரம்பம்) ஒன்றை வாங்கி வந்தேன். 2 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார். சாளையில் போட்டு, பழைய பம்ப்செட்டில் கழற்றிய ஸ்டார்ட்டரையே மாட்டி ஓட்டுகிறேன். நெடுக்கே அறுப்பது பரவாயில்லை. குறுக்கே அறுத்தால் அடிப்பக்கம் சிலும்புகிறது, அறுத்த முகம் கருகுகிறது. போன வாரம் ஸ்டூலுக்கு 4 இஞ்ச் துண்டுகள், மரத்தைக் குறுக்கே தள்ளுகிற மைட்டர் கேஜில் பிடித்து, பக்கத் தடுப்பான ஃபென்ஸில் முட்டக் கொடுத்து ஒரே அளவாக அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு காதோரம் பறந்து போய் அடித்ததில் சுவர்க் காரை பெயர்ந்துவிட்டது. 80 பல் பிளேடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுங்களா? விரல் பட்டால் தானாக நிற்கிற மிஷினை வீடியோவில் பார்த்தேன், அப்படி ஒன்று இருந்தால் இந்தப் பயமே வேண்டாமல்லவா? பனங்கையை இதில் அறுக்கலாமா?

பதில்:

தம்பி, காதோரம் போனதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் பிளேடு விலைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். சிலும்புவதும் கருகுவதும் பெரும்பாலும் பிளேடு சமாச்சாரம். துண்டு பறந்தது அப்படியல்ல. 80 பல் இல்லை, 100 பல் பிளேடு போட்டிருந்தாலும் அது பறந்திருக்கும். புதுப் பிளேடு வந்துவிட்டது என்ற தைரியத்தில் அதே மாதிரி மறுபடி அறுப்பீர்கள், என் கவலை அதுதான்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். பிளேடின் முன்பக்கப் பல், உங்கள் பக்கம் இருப்பது, மரத்தைக் கீழே டேபிளோடு அழுத்திக்கொண்டு அறுக்கும். அதனால் அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை. பின்பக்கப் பல் டேபிளுக்குள்ளிருந்து மேலே ஏறி வரும். ஏறி, உச்சியைத் தாண்டி உங்களை நோக்கி வரும். உங்கள் 4 இஞ்ச் துண்டு அறுபட்டு முடிந்த நொடியில் அதை யாரும் பிடித்திருக்கவில்லை. ஒரு பக்கம் ஃபென்ஸ், மறுபக்கம் சுற்றுகிற பிளேடு, நடுவில் துண்டு. மைட்டர் கேஜ் இன்னும் கொஞ்சம் தள்ளும்போது அது ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கோணலாகத் திரும்பினால் போதும், ஒரு மூலை ஃபென்ஸில் முட்டி நிற்கும், எதிர்மூலை பின்பக்கப் பல்லில் மாட்டும். பல் அதைத் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலே கொண்டுவந்து உங்கள் பக்கம் எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். எங்கள் பட்டறையில் மரம் திருப்பி அடிக்கிறது என்போம்.

எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் 1440 என்கிறீர்கள். மோட்டார் புல்லி 5 இஞ்ச், பிளேடு ஷாஃப்ட் புல்லி 2.5 இஞ்ச் என்று வைத்துக்கொண்டால் பிளேடு நிமிடத்துக்கு 2880 சுற்று. 10 இஞ்ச் பிளேடின் விளிம்பு அப்போது மணிக்கு சுமார் 138 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நல்ல வேகப்பந்து வீச்சாளர் போடுகிற பந்தின் வேகம் அது. பந்துக்குப் பதில் மூலை கூரான தேக்குக் கட்டை. உங்கள் புல்லிகளை அளந்து நீங்களே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு வாங்கும்போதும் வேண்டும். ஒவ்வொரு பிளேடிலும் அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சடித்திருக்கும், அதற்கு மேலே ஓட்டக் கூடாது.

என் பட்டறைக்கு வேலை பழக வருகிற பையன்களுக்கு முதல் நாள் சொல்வது இதுதான்: குறுக்கே அறுக்கும்போது துண்டுக்கு ஓடிப்போக வழி விடு. ஃபென்ஸ் என்பது நெடுக்கே அறுப்பதற்கு. அப்போது பலகையின் நீளமான விளிம்பு அதோடு ஒட்டி வருகிறது, திரும்ப இடமில்லை. குறுக்கே அறுக்கும்போது ஃபென்ஸில் முட்டுவது குட்டையான முனை. அது எப்போது வேண்டுமானாலும் திரும்பும். ஆகவே மைட்டர் கேஜையும் ஃபென்ஸையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. வெறும் கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே அறுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆசாரிமார் அப்படித்தான் அறுப்பார்கள், முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆனவர்கள் வந்து பேசுவதில்லை.

ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டுமானால் ஃபென்ஸை அளவுக்குப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. சரியாக 1 இஞ்ச் கனத்தில் ஒரு கட்டையை இழைத்துக்கொள்ளுங்கள். அதை ஃபென்ஸின் முன்கோடியில், உங்கள் வயிற்றுப் பக்கம், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டை பிளேடுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். ஃபென்ஸை 5 இஞ்சில் வையுங்கள். மரத்தைக் கட்டையில் முட்டவைத்து, மைட்டர் கேஜோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். பல்லைத் தொடுவதற்கு முன்பே மரம் கட்டையை விட்டு விலகிவிடும். அறுபட்ட 4 இஞ்ச் துண்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 1 இஞ்ச் காலி இடம். மாட்டாது, பறக்காது. ஆனால் அறுபட்ட துண்டை அங்கேயே விடுங்கள். மிஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு எடுங்கள்.

நின்ற பிறகு என்று சொல்வதற்குக் காரணம் என் இடது கை ஆள்காட்டி விரல். நுனியில் மூன்று நூல் குறைவு. அறுக்கும்போது போனதில்லை அது. ஸ்விட்சை அணைத்துவிட்டேன், சத்தம் அடங்கிவிட்டது, டேபிளில் கிடந்த சிம்பைப் புறங்கையால் தட்டிவிடப் போனேன். சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வலி கூட உடனே தெரியவில்லை. மரத்தூளில் சிவப்பாக என்ன என்று பார்த்தேன், அவ்வளவுதான். கண்ணால் பல்லை எண்ண முடிகிற வரைக்கும் அது ஓடுகிற பிளேடு. துண்டை எடுக்க ஒரு நீளக் குச்சி பக்கத்தில் கிடக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. பம்ப்செட் ஸ்டார்ட்டரை மாட்டியிருக்கிறீர்களே, அதில் ஆட்டோ இருக்கிறதா? நம் பக்கத்துத் தோட்டங்களில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுக்க வேண்டும் என்று ஆட்டோ மாட்டி வைப்பது வழக்கம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து போய் மோட்டார் போட யாருக்கு முடியும். கிணற்றுக்கு அது வசதி, ரம்பத்துக்கு அது எமன். பாதி அறுப்பில் கரண்ட் போகிறது, மரத்தை எடுத்துவிட்டு மாட்டிய தூளைத் துடைக்கிறீர்கள், கரண்ட் வருகிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் போய் அந்த ஆட்டோவைக் கழற்றிவிடுங்கள். ஆட்டோ இல்லாத சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாகக் கரண்டில் சேர்க்கிற பெட்டி) ரம்பத்துக்கு ரொம்ப நல்லது. உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், கரண்ட் போனதும் பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். அந்தப் பெட்டியைக் குனியாமல், இடுப்பால் கூடச் சிவப்புப் பொத்தானைத் தட்ட முடிகிற உயரத்தில் மாட்டுங்கள். (தோட்டத்து இலவச மின் இணைப்பில் இதை ஓட்டுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. ஈ.பி.க்காரர் கேட்பார்.)

த்ரீ ஃபேஸில் இன்னொரு வில்லங்கம். லைன்மேன் டிரான்ஸ்பார்மரில் ஏதாவது வேலை பார்த்துவிட்டுப் போனால் ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஒழுங்காக வராமல் நீங்களே பார்த்திருப்பீர்கள். ரம்பத்தில் அப்படிச் சுற்றினால் பிளேடு நட்டு தானே கழன்று வரலாம். அதற்கும் முன்னால், வைத்த மரத்தை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும், கையும் கூடவே போகும். லைனில் வேலை நடந்த அன்று மரம் வைக்காமல் ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். டேபிளுக்கு மேலே தெரிகிற பல் உங்களை நோக்கி வர வேண்டும்.

சரி, பிளேடுக்கு வருவோம்.

தென்னை மட்டையை நெடுக்கே கீறினால் அரிவாளை ஒரு தட்டுத் தட்டியதும் தானே பிளந்துகொண்டு போகும். அதே மட்டையைக் குறுக்கே வெட்ட அரிவாளில் பதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நார் நாராகப் பிய்ந்து நிற்கும். மரமும் அப்படித்தான். நெடுக்கே அறுக்கும் பிளேடுக்குப் பல் குறைவு, 10 இஞ்சில் 24 இருக்கும். பல்லின் தலை உளி மாதிரி தட்டை, பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், சாய்வு 20 டிகிரி அளவுக்கு. நாரோடு சேர்ந்து சுருள் சுருளாக உரித்துக்கொண்டு போகிறது. அந்தச் சுருளை வெளியே கொண்டுபோகப் பல்லுக்குப் பல் ஆழமான பள்ளம் வேண்டும், அதனால்தான் பல் குறைவு. குறுக்கே அறுக்கும் பிளேடுக்கு 60 முதல் 80 பல். ஒரு பல் இடப்பக்கம் சரிவு, அடுத்தது வலப்பக்கம் சரிவு, இப்படி மாறி மாறித் தீட்டியிருக்கும். கடையில் ஏ.டி.பி. என்று கேளுங்கள். ஒவ்வொரு பல்லின் மூக்கும் கத்தி முனை மாதிரி நாரை முதலில் அறுத்துவிடும், பிறகுதான் தூளை எடுக்கும். சாய்வும் குறைவு, 10 முதல் 15 டிகிரி. உங்களிடம் மிஷினோடு வந்த பிளேடு பெரும்பாலும் 24 அல்லது 30 பல்தான் இருக்கும். நெடுக்கே நன்றாகப் போகிறது, குறுக்கே சிலும்புகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது.

கடைக்காரர் சொன்ன 80 பல் தப்பான பிளேடு அல்ல, உங்களுக்கு அது முதல் பிளேடு அல்ல. அதைப் போட்டுவிட்டு, கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, அதிலேயே 2 இஞ்ச் தேக்கை நெடுக்கே விட்டீர்கள் என்றால் 2 ஹெச்.பி. மோட்டார் முனகும், தூள் வெளியேற இடமில்லாமல் பல் சூடேறும், மரம் இப்போது கருகுவதைவிட மோசமாகக் கருகும். பிளைவுட்டும் மைக்காவும்தான் வேலை என்றால் 80 வாங்கலாம். அதிலும் மைக்காவுக்கு டி.சி.ஜி. என்ற தீட்டல், ஒரு பல் மூலை மழுங்க உயர்ந்தும் அடுத்தது தட்டையாகவும் இருக்கும். உங்களுக்கு இப்போது இருக்கிற பிளேடை நெடுக்குக்கு வைத்துக்கொண்டு, 60 பல் ஏ.டி.பி. டி.சி.டி. (பல் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தது) பிளேடு ஒன்று வாங்குங்கள். இரண்டு பிளேடு மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்றால் ஒரே பிளேடாக 40 பல். இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும். நான் என்றால் இரண்டாகத்தான் வாங்குவேன்.

கடைக்குப் போகும்போது மூன்று அளவு கையில் இருக்கட்டும். ஷாஃப்ட் கனம் முதலாவது. 10 இஞ்ச் பிளேடு 25.4 மில்லிமீட்டர் ஓட்டையிலும் வருகிறது, 30-லும் வருகிறது. பெரிய ஓட்டையைச் சின்ன ஷாஃப்டில் காகிதம் சுற்றி மாட்டாதீர்கள், அதற்கென்று புஷ் என்ற வளையம் இருக்கிறது. இரண்டாவது, நீங்கள் போட்ட ஆர்.பி.எம். கணக்கு. மூன்றாவதை நிறையப் பேர் மறப்பார்கள்: பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு, ரைவிங் நைஃப். பழைய பட்டறை மிஷின்களில் பெரும்பாலும் இதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அறுத்த வாய் மூடிப் பிளேடை இறுக்காமல் பார்ப்பதும், மரம் பின்பக்கப் பல்லில் ஏறாமல் தடுப்பதும் அதுதான். இருந்தால் அதன் கனத்தை அளந்துகொள்ளுங்கள். பிளேடின் தகட்டைவிடக் கனமாகவும் பல் அறுக்கிற அகலத்தைவிட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். சாதாரணப் பிளேடு 3.2 மில்லிமீட்டர் அகலம் அறுக்கும், மெல்லிய பிளேடு 2.4 அறுக்கும். 2.5 கனத் தகட்டோடு 2.4 பிளேடு போட்டால் மரம் பாதியில் தகட்டில் மாட்டி நிற்கும், நீங்கள் பலம் கொடுத்துத் தள்ளுவீர்கள். ரம்பத்தில் பலம் கொடுத்துத் தள்ள வேண்டி வந்தாலே ஏதோ கோளாறு.

புதுசு வாங்கும் முன்பு பழையதைக் கழுவிப் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பல்லின் பக்கவாட்டில் பழுப்பாகப் பிசின் அப்பியிருந்தால் மழுங்கின பிளேடு மாதிரியே கருக்கும். மிஷின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிளேடு நட்டைக் கழற்றுங்கள். பிளேடு எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக ஒரு தாம்பாளத்தில் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். துடைத்துக் காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். தாம்பாளத்தை வீட்டில் கேட்டு எடுங்கள். கழுவிய பிறகும் கருகினால் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். தேக்கில் இயற்கையாகவே மணல் சத்து உண்டு, பதத்தைச் சீக்கிரம் தின்னும். டி.சி.டி. பல்லை அரத்தால் ராவ முடியாது, வைரச் சக்கரம் வைத்திருக்கிற இடத்தில் கொடுத்துத்தான் சாணை பிடிக்க வேண்டும்.

கருகலுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, பழைய மிஷினில் அதுவாகவும் இருக்கலாம். பிளேடும், டேபிளில் மைட்டர் கேஜ் ஓடுகிற நீளப் பள்ளமான காடியும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் பின்பக்கப் பல் மரத்தை உரசிக்கொண்டே வரும். இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று வெர்னியரில் அளங்கள். அதே பல்லைப் பின்னால் சுற்றி மறுபடி அளங்கள். அதே பல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேடின் நெளிவையும் சேர்த்து அளப்பீர்கள். வித்தியாசம் இருந்தால் டேபிள் போல்ட்டுகளைத் தளர்த்தித் தட்டிச் சரி செய்யுங்கள். ஒரு மத்தியானம் போகும். அதற்கு ஈடான வேலை வேறில்லை.

சிலும்பல் அடிப்பக்கம் வருவதற்குக் காரணம் பல் மேலிருந்து கீழே இறங்குவதுதான். வெளியேறுகிற இடத்தில் நாரைத் தாங்க அங்கே ஒன்றுமில்லை. எனவே நல்ல முகத்தை மேலே வைத்து அறுங்கள். பிளேடைச் சுற்றி இருக்கிற வாய் அகலமாக இருந்தால் இன்னும் சிலும்பும். இதற்கும், பறக்கிற துண்டுக்கும், மூலைமட்டம் சேராததற்கும் சேர்த்து ஒரே மருந்து ஸ்லெட், அதாவது மரத்தை ஏற்றிக்கொண்டு டேபிள் காடியில் வழுக்கி ஓடுகிற பலகை. புதுப் பிளேடுக்கு முன்பு இதைச் செய்யுங்கள்.

இரண்டு அடிக்கு இரண்டடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று, நெளியாததாகப் பார்த்து எடுங்கள். உங்கள் அப்பாரு வீட்டுத் தேக்கில் இரண்டு பட்டை அறுத்து, டேபிளின் இரண்டு காடிகளிலும் ஆடாமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இழையுங்கள். அத்தனை வருஷம் கூரையில் காய்ந்த மரம் இனி அதிகம் சுருங்காது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல மரம் கடையில் கிடைக்காது. பிளேடை முழுதாக இறக்கிவிட்டு, காடிக்குள் அங்கங்கே ஒரு ரூபாய்க் காசுகளைப் போட்டு அவற்றின் மேல் பட்டைகளை வையுங்கள். பட்டையின் தலை டேபிளுக்கு மேலே மயிரிழை தெரிய வேண்டும். ஃபெவிகால் தடவி, பிளைவுட்டை மேலே வைத்து, பாரம் ஏற்றிவிட்டு அடுத்த நாள் பாருங்கள். முன்னும் பின்னும் 3 இஞ்ச் உயரத்துக்கு ஒவ்வொரு சட்டம். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது, பிளேடு அறுத்துப் போன பலகை இரண்டாகப் பிரியாமல் பிடிக்க மட்டும். உங்கள் பக்கம் இருப்பதுதான் மரத்தை அணைக்கிற சட்டம். அது நேராக இருக்க வேண்டும், பிளேடுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதற்கு முதலில் வலது கோடியில் ஒரு ஸ்க்ரூ, இடது கோடியில் கிளாம்ப் மட்டும் போடுங்கள். பிளேடு வெளியே வருகிற இடத்தில் சட்டத்துக்குப் பின்னால் இரண்டரை இஞ்ச் கனக் கட்டை ஒன்றை ஒட்டிச் சிவப்பு பெயின்ட் அடியுங்கள். தள்ளுகிறபோது கை தானாக அங்கேதான் போகும், அதனால்தான் கட்டை.

மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். மட்டத்தில் தெரியாத கோணல் அலமாரியில் தெரியும். சுமார் 400 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டை எடுங்கள். ஒரு விளிம்பை அறுங்கள். அறுத்த விளிம்பைச் சட்டத்தில் அணைத்து அடுத்த விளிம்பை அறுங்கள். இப்படி ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி நாலு விளிம்பும் முடிந்த பிறகு, முதல் விளிம்பிலேயே மறுபடி அரை இஞ்ச் அகலத்தில் ஒரு பட்டை அறுத்தெடுங்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரில் பாருங்கள். கோணல் நாலு மடங்காகப் பெருகி அதில் உட்கார்ந்திருக்கும். 400 மில்லிமீட்டர் பட்டையில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் நிஜக் கோணல் 400-க்குக் கால் மில்லிமீட்டர். ஸ்க்ரூவிலிருந்து கிளாம்ப் வரை 600 என்றால் அங்கே 0.375 நகர்த்த வேண்டும். இதற்கு, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வேண்டும், டூவீலர் மெக்கானிக்கிடம் இரவல் வாங்குங்கள். நகர்த்திவிட்டு மறுபடி ஐந்து வெட்டு. வித்தியாசம் கூடிவிட்டதா, அப்படியானால் எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். நான் மூன்று தடவைக்குள் முடித்ததில்லை. சரியானதும் ஸ்க்ரூக்களைப் போட்டு இறுக்கிவிடுங்கள்.

இனி 4 இஞ்ச் துண்டுகளை ஸ்லெட் சட்டத்திலேயே ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்ப் போட்டு அறுக்கலாம். பிளேடுக்கு ஒரு பக்கம் மட்டும் தடுப்பு, மறுபக்கம் காலி. கட்டையின் கீழ்மூலையைக் கொஞ்சம் சீவிவிடுங்கள், தூள் சேர்ந்து அளவு மாறாது. கையால் அணைத்தால் விரல் பிளேடுக்கு அரை அடிக்குள் வருகிற அளவுக்குச் சின்னத் துண்டு என்றால் அதையும் கிளாம்ப் போட்டே அறுங்கள். பிளேடு மரத்துக்கு மேலே ஒன்றிரண்டு நூல் தெரிந்தால் போதும். 7 அடிப் பலகையை ஸ்லெட்டில் ஏற்றி மல்லுக்கட்ட வேண்டாம், அதைக் கைரம்பத்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு எட்டு இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தோளில் துண்டு வேண்டாம், மணிக்கட்டில் கோயில் கயிறு வேண்டாம், கையுறையும் வேண்டாம். கையுறை காக்கும் என்று நினைப்பார்கள், அது பல்லில் மாட்டிக் கையை இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி கட்டாயம்.

விரல் பட்டால் நிற்கிற மிஷின் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ல் யோசித்த ஏற்பாடு அது, சாஸ்டாப் என்று பெயர். பிளேடில் ஓடுகிற சின்ன மின்சமிக்ஞை தோல் பட்டதும் மாறும், ஒரு அலுமினியக் கட்டை பல்லில் பாய்ந்து 5 மில்லி செகண்டுக்குள் நிறுத்திவிடும். பிளேடும் கட்டையும் அதோடு சரி, விரலுக்குக் கீறல்தான். அருமையான யோசனை. ஆனால் அது விரலைத்தான் கண்டுபிடிக்கும். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிய கட்டையை அது கண்டுகொள்ளாது. உங்கள் காதோரம் போன துண்டு அந்த மிஷினிலும் அப்படியேதான் போயிருக்கும்.

சாளையில் தனியாக வேலை செய்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் வைத்தால் வீணாகிவிடும். துண்டான கையையும் விரலையும் ஒட்டவைப்பதில் கோயமுத்தூர் கங்கா மருத்துவமனை பேர்போனது. போனை மரத்தூள் படாத இடத்தில் என்று வீட்டுக்குள் வைத்துவிட்டு வராதீர்கள், சட்டைப் பையில் இருக்கட்டும்.

பனங்கை. அப்படியே இந்த ரம்பத்தில் வைக்காதீர்கள். முதுகு உருண்டை, டேபிளில் ஆடும். ஆடுகிற மரத்தைக் குறுக்கே அறுத்தால் பிளேடு அதை உருட்டப் பார்க்கும். வெளிப்பக்கம் கறுப்பு நார் இரும்பு மாதிரி, உள்ளே சோறு, இரண்டுக்கும் நடுவே பல் தடுமாறும். கைரம்பத்தால் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முகத்தைத் தட்டையாக இழைத்துவிட்டு, அந்த முகம் கீழே படிய ஸ்லெட்டில் வைத்து, கழுவிய பழைய பிளேடால் மெதுவாக அறுங்கள். புது 60 பல்லை இதில் காட்டவே வேண்டாம்.

அதற்கு முன்னால் ஆணி. பனங்கையானாலும் தேக்குச் சட்டமானாலும் மேல்முகத்தில் ரீப்பர் (ஓட்டைத் தாங்குகிற குறுக்குப் பட்டை) அடித்த ஆணிகளில் பாதி தலை உடைந்து உள்ளேயே நிற்கும். டி.சி.டி. பல் ஆணியில் பட்டால் முனை தெறித்துப் பறக்கும். ஆணி நிற்கிற இடத்தைச் சுற்றிக் கறுப்பாகத் துருக் கறை ஊறியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தது ரீப்பர் இடைவெளியில்தான் இருக்கும், சீமை ஓட்டு வீடு என்றால் ஏறக்குறைய அடிக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியாததற்கு, ஓடாத ஸ்பீக்கர் பெட்டி வீட்டில் எங்கேயாவது கிடந்தால் அதன் காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டிச் சட்டத்தின் மேலே தொங்கவிட்டு நகர்த்திக்கொண்டே போங்கள். ஆணிக்கு நேராக வந்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும்.